பைக் ஹெட்லைட்டுக்கு எல்இடி பல்பு: முழுமையான வழிகாட்டி

ஊரைத் தாண்டியதும் ஹெட்லைட்டின் மஞ்சள் வெளிச்சம் போதவில்லை என்று எல்இடிக்கு மாறுபவர்கள் பலர். மாறலாம். ஆனால் வெளிச்சம் சாலையில் விழ வேண்டும், எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கக் கூடாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

1. பல்பு வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

100-150 சிசி வண்டிகள் பலவற்றில் இருப்பது எச்எஸ்1, 35/35 வாட். ஹாலஜன் ஹெட்லைட்டோடு வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போன்றவற்றில் எச்4, 60/55 வாட். பல்பின் அடிப்பாகத்திலேயே அச்சிட்டிருக்கும். ஓனர்ஸ் மேனுவலிலும் இருக்கும். கம்பெனியிலிருந்தே எல்இடி ஹெட்லைட்டோடு வந்த வண்டிகளுக்கு இந்த வழிமுறை பொருந்தாது.

2. ஏசியா, டிசியா?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சில வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வராது; ஸ்டேட்டர் காயிலிலிருந்து ஏசியாக வரும். ஐடிலிங்கில் மங்கி, ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பிரகாசமானால் பெரும்பாலும் ஏசிதான்.

இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பும்போது ஹெட்லைட் எரிந்தால் டிசி. எரியவில்லை என்பதால் ஏசி என்று முடிவுகட்ட வேண்டாம். 2017 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாகவே எரிய வேண்டும் என்பது விதி. டிசி வண்டிகள் சிலவும் ஸ்டார்ட் ஆன பிறகே எரியும். சந்தேகம் இருந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிசிக்கு மட்டுமான பல்பை ஏசியில் போட்டால் மினுக்கும், சீக்கிரமே போய்விடும். ஏசி, டிசி இரண்டுக்கும் ஏற்ற பல்பை வாங்குங்கள்.

3. கடையில் பார்க்க வேண்டியவை

பழைய பல்பைக் கையோடு கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹாலஜனில் இழை எங்கே இருக்கிறதோ, எல்இடி சிப்பும் அதே இடத்தில் இருக்க வேண்டும். ரிஃப்ளெக்டர் அந்த ஒரு புள்ளிக்காக வடிவமைக்கப்பட்டது. சிப் தள்ளியிருந்தால் வெளிச்சம் சிதறும். நான்கு பக்கமும் சிப் உள்ள பல்பைத் தவிர்த்து, இரு பக்கம் மட்டும் உள்ளதை எடுங்கள்.

எல்இடியின் சூடு பின்பக்கம்தான் இறங்கும். அதனால் ஹீட் சிங்க்கோ ஃபேனோ நீண்டிருக்கும். ஹெட்லைட் டோமுக்குள் அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.

4. கழற்றும் முன் ஒரு கோடு

இரவில், சமதளத்தில், சுவருக்கு நேரே 8 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் சரியான காற்று இருக்கட்டும். நீங்கள் சீட்டில் உட்காருங்கள். பழைய பல்பின் லோ பீம் முடியும் மேல் விளிம்பில் நண்பரைச் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள்.

5. மாட்டுவது

இன்ஜினை அணைத்து, பல்பு ஆறும்வரை காத்திருங்கள். ஹெட்லைட் ஸ்க்ரூக்களைக் கழற்றி, கப்ளரை உருவி, ரப்பர் கவரை எடுத்து, கிளிப்பை விடுவித்தால் பல்பு வந்துவிடும். அதைத் துணியால் பிடித்து எடுத்து, ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள். ஹாலஜன் கண்ணாடியில் கை எண்ணெய் படக் கூடாது.

புதிய பல்பின் காதுகள் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். சிப்புகள் இடமும் வலமும் பார்க்க வேண்டும். ரப்பர் கவரை இறுக்கமாகப் போடுங்கள். அதில் இடைவெளி இருந்தால் மழைத் தண்ணீர் இறங்கி, ரிஃப்ளெக்டர் கறுத்துவிடும். ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பி, வயர் எங்கும் இழுபடவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

6. ஃபோகஸ் சரிசெய்வது

அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து லோ பீம் போடுங்கள். விளிம்பு சாக்பீஸ் கோட்டைத் தாண்டினால் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைத் திருப்பி இறக்குங்கள். 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். நண்பரை அந்தத் தொலைவில், சற்று வலப்புறமாக நிற்க வைத்துக் கேளுங்கள்.

கோடு சரியாக இருந்தும் அவருக்குக் கண் கூசினால், அந்தப் பல்பு உங்கள் ரிஃப்ளெக்டருக்குப் பொருந்தவில்லை என்று பொருள். தயங்காமல் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய ஹாலஜனையே மாட்டுங்கள்.