வானில் ஏறுவனவும் இறங்குவனவும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப் சுரங்கம் பூமிக்குள் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. 2001-ஆம் ஆண்டில் அச்சுரங்கங்கள் மூடப்படும் வரை, தொழிலாளரை ஏற்றி இறக்கிய கூண்டுகள் தத்தமக்கு அமைந்த தடத்தை விட்டு விலகாமல் ஓடின. ஒரு கூண்டு ஏற, மற்றொன்று இறங்க, இரண்டும் நடுவழியில் அச்சமின்றிக் கடந்து சென்றன.

கோலார் வட்டாரத்தின் வானிலும் இவ்வாறே ஏற்றமும் இறக்கமும் நாள்தோறும் நிகழ்கின்றன. பெங்களூரை அடுத்த தேவனஹள்ளியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விமானம் உயர்ந்துகொண்டிருக்கும். சென்னையிலிருந்து வருவது தாழ்ந்துகொண்டிருக்கும். ஆனால் வானில் தண்டவாளம் இல்லை. எண்களே அங்குத் தடம்.

இரு விமானங்களுக்கிடையே உயரத்தில் 1,000 அடியேனும் இருத்தல் வேண்டும். அஃது இல்லையெனில், ராடார் கண்காணிப்பில் பக்கவாட்டில் பொதுவாக 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவு வேண்டும். இது பெருந்தொலைவெனத் தோன்றலாம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இரு விமானங்கள் எதிரெதிராக வந்தால், இத்தொலைவு இருபது விநாடிகளில் தீர்ந்துவிடும்! ஆதலின் கிழக்கு நோக்கிச் செல்வனவற்றுக்கு ஒற்றைப்படை ஆயிரங்களும், மேற்கு நோக்கிச் செல்வனவற்றுக்கு இரட்டைப்படை ஆயிரங்களும் பறக்கும் உயரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன.

உயரத்தை அளப்பது காற்றின் அழுத்தம். வானிலைக்கேற்ப அழுத்தம் மாறுவதால், கருவி காட்டும் எண் மெய்யான உயரத்தினின்றும் சிறிது வேறுபடும். எனினும் குறித்ததோர் உயரத்துக்கு மேல் எல்லா விமானிகளும் 1013.2 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே அளவைக் கருவியில் வைத்துக்கொள்கின்றனர். பிழை நேரினும் யாவர்க்கும் ஒரே பிழையாதலால் இடைவெளி கெடுவதில்லை.

ஆனால் கொடுத்த எண்ணைக் காப்பவர் விமானியே. 1996 நவம்பர் 12 அன்று மாலை, டில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானத்துக்கு 14,000 அடியும், டில்லிக்கு வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியும் விதிக்கப்பட்டன. போவதற்கும் வருவதற்கும் அந்நாளில் அங்கு ஒரே வான்வழி. எதிரே விமானம் வருவதைக் கட்டுப்பாட்டாளர் ரேடியோவில் அறிவித்தும் இருந்தார். இறங்கி வந்த விமானமோ தன் எல்லையைக் கடந்து தாழ்ந்தது. அன்றைய ராடார் விமானம் இருக்குமிடத்தைக் காட்டியதேயன்றி உயரத்தைக் காட்டவில்லை. கட்டுப்பாட்டாளர் அப்பிழையை அறிய வழியில்லை. சர்க்கி தாத்ரி அருகே இரண்டும் மோதி 349 பேரும் மாண்டனர்.

அதன் பின்னர் டில்லியில் வரவுக்கும் போக்குக்கும் தனி வழிகள் வகுக்கப்பட்டன. உயரத்தையும் தெரிவிக்கும் ராடார் வந்தது. விமானங்கள் ஒன்றையொன்று உணர்ந்து, ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் பணிக்கும் மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமாயிற்று.

அக்கருவியின் ஆணையும் தரையிலிருந்து வரும் ஆணையும் முரண்பட்டால் எதற்குப் பணிவது? 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கன் அருகே, கருவி ஏறச் சொல்ல, கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானி இறங்கினார். எதிரே வந்த விமானமும் தன் கருவியின் சொற்படி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் மாண்டனர். அத்தகைய கணத்தில் விமானி கருவிக்கே பணிதல் வேண்டும் என்பது இன்று ஐயத்துக்கிடமற்ற விதி.