அயோடின் சிகிச்சை: ஆபத்து அளவில் இருக்கிறது

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தபின் சிலருக்கு ரேடியோ அயோடின், அதாவது கதிர்வீச்சை வெளியிடும் அயோடின், தருகிறார்கள். விழுங்க ஒரு மாத்திரை, பிறகு சில நாள் தனி அறை. 1940களிலிருந்து பல உயிர்களைக் காத்துவரும் இந்த மருந்தைப் பற்றி அலட்சியமும் உலவுகிறது, பீதியும் உலவுகிறது. இரண்டுமே நோயாளிக்குக் கேடு.

நம்பிக்கை: இந்த மருந்து தைராய்டைத் தவிர வேறெதையும் தொடாது.

உண்மை: உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அயோடினை உறிஞ்சும். அதனால் சிலருக்குக் கன்னம் வீங்கும். வாய் வறண்டு, நாளடைவில் பல் சொத்தையாகும். கண்ணீர்க் குழாய் அடைபட்டு ஓயாமல் கண்ணீர் வழிவதும் உண்டு.

நம்பிக்கை: நோய் பரவியிருந்தால் மருந்தைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

உண்மை: நுரையீரல் முழுக்கப் பொடிப்பொடியாகப் பரவிய கட்டிகள் மருந்தை ஈர்க்கும்போது, அருகிலுள்ள நல்ல திசுவும் கதிர்வீச்சுக்கு ஆளாகிறது. அரிதாக நுரையீரல் அழன்று, தழும்பேறி இறுகிவிடும். அதனால்தான் இத்தகையவர்களுக்கு, மருந்து கொடுத்த 48 மணி நேரத்துக்குப் பின் உடலில் 80 மில்லிகியூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் தங்கக் கூடாது என்ற வரம்பு பின்பற்றப்படுகிறது. மூளையிலோ தண்டுவடத்தின் அருகிலோ கட்டி இருந்தால் அது வீங்கி நரம்பை அழுத்தலாம்; முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுப்பது அதைத் தடுக்கத்தான்.

நம்பிக்கை: பிற்காலத்தில் ரத்தப் புற்றுநோய் நிச்சயம்.

உண்மை: அபாயம் உண்டு, ஆனால் மிகச் சிறியது. சுவீடன், இத்தாலி, பிரான்ஸ் நாடுகளின் 6,841 நோயாளிகளை ஆராய்ந்து 2003இல் ஒரு கணக்கு வெளியானது: 10,000 பேருக்குத் தலா 100 மில்லிகியூரி கொடுத்தால், பத்தாண்டுகளில் கூடுதலாக 3 பேருக்கு ரத்தப் புற்றுநோயும் 53 பேருக்கு வேறு புற்றுநோயும் வரலாம். மொத்த அளவு ஏற ஏற அபாயமும் ஏறும். மொத்தம் 600 மில்லிகியூரியை நெருங்கும்போது மருத்துவர்கள் தயங்குவது இதனால்தான்.

நம்பிக்கை: இனிக் குழந்தை பிறக்காது.

உண்மை: நிரந்தர மலட்டுத்தன்மை அரிது. பெண்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ஆனால் கர்ப்பிணிக்கு இந்த மருந்து கூடவே கூடாது. சிசுவின் தைராய்டை அது அழித்துவிடக்கூடும்.

இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் தேவையும் இல்லை. அபாயம் குறைந்த நோயாளிகளில், அயோடின் பெற்றவர்களும் பெறாதவர்களும் மூன்றாண்டுகளுக்குப் பின் ஒரேபோல் நலமாக இருந்ததை 2022இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. ஆகவே மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு இது ஏன் தேவை? எத்தனை மில்லிகியூரி? இதுவரை மொத்தம் எவ்வளவு வாங்கியிருக்கிறேன்? தேவை என்று தெளிவானபின், வதந்திக்குப் பயந்து மறுத்துவிடாதீர்கள். பரவிய புற்றுநோயைத் தேடிச் சென்று தாக்கும் மருந்து அது.