மரத்தில் தோடு செய்யப் போகிறீர்களா?

மண்கும்பான் ஊரின் வளவுகளில் தோட்டுக்கு நான் முதலில் தேடுவது பூவரசு. இழை நெருக்கமானது, உளிக்குப் பணியும், நடுவைரம் கருஞ்சிவப்பாய் மிளிரும். பனை வைரத்தின் கறுப்புக் கோடுகளும் கொள்ளை அழகு. ஆனால் சிலாம்பு ஏறும், ஆகவே மணியாக உருட்டாமல் தட்டையாக அறுங்கள். இதற்கெனப் பனையைத் தறிக்க வேண்டாம். பழைய கூரையின் சிலாகைத் துண்டே போதும், அது நன்றாகக் காய்ந்தும் இருக்கும். அலரி நச்சு மரம், தொடாதீர்கள்.

பச்சை மரம் வெடிக்கும், நிழலில் உலர்த்துங்கள். முதலில் துளை, பிறகுதான் வடிவம். மெல்லியதாக்கிவிட்டுத் துளைத்தால் பிளந்துவிடும். 120, 240, 400 என்ற வரிசையில் உப்புத்தாளால் தேயுங்கள். முகக்கவசம் கட்டாயம்.

தேங்காய் எண்ணெய் பூசினால் காயாது, உடுப்பில் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவிச் சில நாள் விடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடும், வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

கொளுக்கிக்குத் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி வாங்குங்கள். மலிவுக் கம்பியிலுள்ள நிக்கல் பலருக்குக் காதைச் சொறிய வைக்கும். குளிக்கும்போதும் கடலில் இறங்கும்போதும் தோட்டைக் கழற்றிவிடுங்கள்.