இரண்டு முக்கோண மலைகள்

எங்கள் பள்ளி திருப்பரங்குன்றத்தில் இருக்கிறது. ஏழாம் வகுப்பறையின் சன்னலைத் திறந்தால் மலைதான். ஒரே பாறையாக எழுந்து நிற்கும் அந்தக் குன்றைக் குழந்தைகள் பிறந்தது முதல் பார்த்து வருகிறார்கள். ஆனால், 'இயற்கைக் காட்சி வரையுங்கள்' என்று சொன்ன அன்று பெரும்பாலான தாள்களில் ஒரே படம்: இரண்டு முக்கோண மலைகள், நடுவில் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. சன்னலுக்கு வெளியே நின்ற மலை அவற்றில் எதிலும் இல்லை.

ஒரு மாணவி மட்டும் தாள் முழுவதும் பழுப்பு மெழுகு வண்ணத்தைத் தேய்த்து, மேல் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று விட்டிருந்தாள். "படம் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். "மலைக்குக் கிட்ட நின்னு அண்ணாந்து பார்த்தா இப்படித்தான் டீச்சர் தெரியும்" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாளைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன்.

கோட்டிலிருந்து வண்ணத்துக்கு

அவளுக்குப் பதில் தேடியபோதுதான் ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் வண்ண ஓவியங்களை நிதானமாகப் பார்த்தேன். திருச்சி மாவட்டம் கீரம்பூரில் 1938-இல் பிறந்தவர். 1960-களில் சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்றவர். காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்த படங்கள் பலருக்கும் நினைவிருக்கும். உருவத்தை ஒரு கோட்டில் பிடிக்கத் தெரிந்த கை அது.

அந்தக் கைதான் பிறகு உருவங்களை விட்டுவிட்டு, எண்ணெய் வண்ணத்தில் நிலத்தை வரைந்தது. அந்த ஓவியங்களில் மரமோ வீடோ தேடினால் கிடைக்காது. தட்டையான கத்தியால் பூசிய வண்ணத் திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். சற்று நேரம் பார்த்தால் உழுத மண், நீர், வெயில், வெளி என்று ஏதோ ஒன்று நமக்குள் எழும். 2008-இல் மறையும்வரை அவர் இந்தத் தேடலை விடவில்லை.

திணை தரும் திறவுகோல்

இது நமக்குப் புதிதன்று. தமிழ் வகுப்பில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று நடத்துகிறோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், பறவை, விலங்கு முதலியன கருப்பொருள். உள்ளத்து உணர்வு உரிப்பொருள். அருவ நிலக்காட்சியில் கருப்பொருள் பெரும்பாலும் விலகிவிடுகிறது. நிலமும் பொழுதும் உணர்வும் எஞ்சுகின்றன. இப்படிச் சொன்னபோது என் மாணவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள்.

ஓர் ஆசிரியர் வைத்த புள்ளி

இவ்வகை ஓவியத்தின் ஆன்மிகப் பக்கத்தை அறிய எஸ்.எச். ராசாவின் கதை உதவும். 1922-இல் மத்தியப் பிரதேசத்தில் பிறந்தவர். சிறுவயதில் படிப்பில் மனம் நிலைக்காத அவரை, ஆசிரியர் நந்தலால் ஜாரியா பள்ளித் தாழ்வாரச் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். ராசா 1950-இல் பாரிஸ் சென்றார்; அங்கே நிலக்காட்சிகளால் புகழ் பெற்றார். பல ஆண்டுகள் கழித்து அவர் ஓவியங்களின் நடுவில் அந்தப் புள்ளி 'பிந்து'வாக வந்து அமர்ந்தது. இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த அவர், ஐம்பூதங்களையும் இந்தியத் தத்துவ மரபையும் நர்மதை நதியையும் அந்தப் புள்ளியைச் சுற்றி வரைந்தார். 2016-இல் மறைந்தபோது, அவர் விருப்பப்படி மண்ட்லாவில் தந்தையின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த ஆசிரியர் கற்பித்தது ஓவியம் அன்று. ஒன்றைக் கவனித்துப் பார்ப்பது. எந்தச் சமயத்துக் குழந்தைக்கும் அதை நாம் கொடுக்கலாம்.

வகுப்பறைச் செயல்பாடு (இரண்டு பாடவேளைகள்)

1. மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று மலை, கண்மாய், வயல் என ஒன்றை ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். கையில் தாள் வேண்டாம்.
2. கண்ட வண்ணங்களில் மூன்றைச் சொல்லச் செய்யுங்கள். 'பச்சை' என்றால், எந்தப் பச்சை என்று கேளுங்கள்.
3. வகுப்புக்குத் திரும்பியதும் பென்சில் இல்லாமல், வண்ணத்தால் மட்டும் தாளை நிரப்பட்டும்.
4. தாளின் பின்புறம் எங்கே நின்றேன், எப்போது பார்த்தேன், எப்படி இருந்தது என்று எழுதட்டும்.
5. வேறொரு நாள் மாலையில் அதே இடத்தைப் பார்த்து மீண்டும் வரையட்டும். இரண்டையும் அருகருகே ஒட்டுங்கள்.

மதிப்பிடும்போது 'இது என்ன?' என்று கேட்காதீர்கள். 'எங்கே நின்று பார்த்தாய்?' என்று கேளுங்கள். பதில் சொல்லும் குழந்தை உண்மையாகவே பார்த்திருக்கிறது.

அந்தப் பழுப்புத் தாள் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. சிவப்பு மையில் நான் எழுதியதை அழிக்க முடியவில்லை. அதன் கீழே அந்த மாணவியையே ஒரு தலைப்பு எழுதச் சொன்னேன். 'மலையடி' என்று எழுதினாள்.