கொந்தளிக்கும் பிள்ளைக்கு வகுப்பில் கைகொடுக்க

கணக்கு பீரியட். ஜாமென்ட்ரி பாக்ஸ் தரையில் பறக்கிறது. மூன்றாம் வகுப்புப் பையன் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் ஒடுங்குகிறான். "வெளியே வாடா!" என்ற அதட்டல் அந்த நேரத்தில் அவனுக்குள் இறங்காது. சற்றுத் தள்ளி, அவன் உயரத்துக்குக் குனிந்து, தாழ்ந்த குரலில் இரண்டு சொல் போதும். அறிவுரையெல்லாம் மூச்சு சீரான பிறகுதான்.

அடம் என்று தோன்றுவது பல நேரம் அடமே அல்ல. முடிந்தால் எந்தப் பிள்ளையும் ஒழுங்காகவே நடந்துகொள்ளும் என்கிறார் அமெரிக்க உளவியலாளர் ராஸ் கிரீன்.

ஆகவே, பிள்ளையை எது தடுக்கிறது என்று அறிய ஆசிரியர் ஒரு நோட்டுப் போடட்டும். வெடிப்பதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்பு என்ன ஆனது? இரண்டு வாரம் எழுதினாலே ஏதாவது பிடிபடும்: சாப்பாட்டுக்கு முந்தைய பசி, திடீரென மாறிய டைம்டேபிள், கரும்பலகை நிறையக் கணக்கு. மாற்றத்தை ஐந்து நிமிடம் முன்பே சொல்லலாம். பத்துக் கணக்கை மூன்று மூன்றாகக் கொடுக்கலாம். படபடப்பு தெரிந்ததும் சாக்பீஸ் எடுத்துவர அனுப்பலாம். அந்த நடையே பாதி மருந்து.

அடி மட்டும் கூடவே கூடாது. இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

வீட்டுக்கு ஃபோன் செய்வது புகாருக்கு மட்டும் என்றிருக்க வேண்டாம். "இன்று கோபம் வந்ததும் அவனே தண்ணீர் குடிக்கப் போனான்மா" என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.