எங்கள் வீட்டுக் கணினிக்கு ஏன் மூச்சு வாங்கியது?



என் அக்கா வீட்டில் இருந்தபடியே டைப்பிங் வேலை செய்கிறாள். பக்கக் கணக்குக்குக் கூலி. சில மாதமாகச் சாயங்காலம் ஆனால் எங்கள் கணினி திடீரென்று திணறும். உள்ளே ஃபேன் ‘உய்ங்’ என்று கத்தும். எழுத்தைத் தட்டினால் பத்து நொடி கழித்துத்தான் திரையில் வரும். அரைமணி நேரம் போனால் தானாகவே சரியாகிவிடும்! கடைக்குத் தூக்கிப் போனால் அங்கே சமர்த்தாக ஓடும். கடைக்காரர், “புரோசஸர் போயிருக்கும். போர்டோட மாத்தணும், 9,000 ஆகும்” என்றார். அப்பா சீட்டுப் பணத்தை எடுக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

கணினி சாரிடம் சொன்னேன். “விட்டு விட்டு வர்ற காய்ச்சலுக்கு டாக்டர் என்ன கேட்பார்? எப்ப வருது, எவ்வளவு வருதுன்னுதானே? நீயும் எழுதி வை” என்றார்.

எப்படிப் பார்ப்பது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘சிபியு’ என்ற தலைப்பைத் தட்டினால், அதிக வேலை வாங்கும் நிரல் மேலே வந்து நிற்கும்.

முதல் நாளே ஏமாந்தேன். ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘சிஸ்டம் ஐடில் பிராசஸ்’ 95 என்று இருந்தது. திருடன் மாட்டினான் என்று துள்ளினேன். சார் சிரித்துவிட்டார். அது புரோசஸர் சும்மா இருக்கும் அளவாம்! 95 சும்மா என்றால் வேலை 5 தான்.

7 நாள் நோட்டில் நேரம், பெயர், சதவீதம் குறித்தேன். மூன்று பெயர்களே மாறி மாறி வந்தன.

1. ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் – வைரஸ் தேடுவது.
2. விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர் – அப்டேட் போடுவது.
3. சர்ச் இன்டெக்ஸர் – கோப்புகளுக்குப் பட்டியல் எழுதுவது.

மூன்றும் விண்டோஸின் சொந்த வேலையாட்கள்! நேரத்தைப் பார்த்தால், கணினியைப் போட்டவுடன், அல்லது அக்கா டீ குடித்துவிட்டு வந்தவுடன். அப்போதுதான் புரிந்தது. விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைக்கு வழக்கமாக வைத்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. நாங்களோ 8 மணிக்கே மெயின் சுவிட்சை அணைத்துவிடுவோம். செய்யாத வேலை எல்லாம் சேர்ந்து, மறுநாள் சாயங்காலம் அக்கா தலையில் விழுந்தது. கடையில் ஐந்து நிமிடம்தான் பார்த்தார்கள், இணையமும் இல்லை. அதனால் அங்கே அது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இணையத்தோடு கணினியைப் போட்டு, ஸ்லீப் ஆகாமல் வைத்து, 3 மணி நேரம் யாரும் தொடாமல் விட்டோம். அப்டேட் முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்தோம். அடுத்த வாரம் நோட்டில் ஒரே ஒரு தடவைதான், அதுவும் 5 நிமிடம். அப்பாவின் சீட்டுப் பணம் தப்பியது!

நினைவில் கொள்க

* மெதுவாக இருக்கிறதே என்று வைரஸ் தடுப்பை அணைக்காதீர்கள்.
* பிரவுசர் மேலே நின்றால் திறந்து கிடக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள்.
* டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே ஒவ்வொரு தடவையும் சத்தம் அடங்கினால் சந்தேகப்படுங்கள். ஒளிந்துகொள்ளும் கெட்ட நிரல்களும் உண்டு. முழு ஸ்கேன் போடுங்கள்.

பாகத்தை மாற்றும் முன் ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள் நண்பர்களே. நோட்டின் விலை 20 ரூபாய்தான்!

– 11-ஆம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு