பகல் வரை பசி தாங்கும் காலைப் பலகாரம்: ஹட் பே வீடுகளுக்குச் சில குறிப்புகள்

நம் தீவில் காலை 5 மணிக்கெல்லாம் பளிச்சென்று விடிந்துவிடுகிறது. 7 மணிக்குள் நாலு இட்லியும் ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டு முடித்தால், 10 மணிக்கு வயிறு மறுபடி கேட்கிறது. அப்போது கைக்கு வரும் சமோசாவும் பிஸ்கெட்டும்தான் உடம்பை ஏற்றுகின்றன. எடை குறைய வேண்டுமென்று காலையில் பட்டினி கிடக்கத் தேவையில்லை, தோழிகளே. பகல் 12 மணி வரை தாங்குகிற மாதிரி சாப்பிட்டாலே பாதி வேலை முடிந்தது. அதற்குக் கப்பலேறி வந்து விலை கூடிப்போன ஓட்ஸ் பாக்கெட்டும் வேண்டாம். நம் ஜெட்டியில் இறங்கும் மீனும், மளிகைக்கடைப் பயறும், கொல்லையில் நிற்கும் முருங்கையும் போதும்.

1. ராத்திரி மீன் குழம்பு மிஞ்சினால் காலை இட்லிக்கு அதுதான் முதல் துணை. நாலு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, இரண்டு துண்டு மீன் என்று தட்டை மாற்றுங்கள். 1995-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது அதிக நேரம் வயிற்றை நிறைக்கிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் மீனுக்கு 225 கிடைத்தது. அதைத் தாண்டியது அவித்த உருளைக்கிழங்கு மட்டும்தான். மெயின்லேண்டில் காசு கொட்டி வாங்க வேண்டிய பொருள் நமக்கு வாசலுக்கே வருகிறது, அதைக் காலையில் சாப்பிட என்ன தயக்கம்?

2. ஆனால் சூரை, அயிலை மாதிரி மீன்களில் ஒரு கவனம் வேண்டும். பிடித்த பிறகு சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது, முகம் சிவந்து அரிப்பும் தலைவலியும் வரும். ஐஸில் வைத்திருக்கும் மீனாகப் பார்த்து வாங்கி, வந்ததும் கழுவி ஃபிரிட்ஜில் வையுங்கள். குழம்பு மிஞ்சும் என்று தெரிந்தால் சூடு ஆறியதுமே உள்ளே வைத்து, காலையில் நன்றாகக் கொதிக்கவிட்டு எடுங்கள். ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாத நாளில் மிஞ்சிய குழம்பை நம்ப வேண்டாம், அன்றைக்குப் பயறு சமைத்துக்கொள்ளலாம்.

3. சூரை மலிவாகக் கிடைக்கும் நாளில் புட்டு செய்து வையுங்கள். மஞ்சள், உப்பு போட்டு வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை சேர்த்து ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெயில் பிரட்டினால் போதும். மெல்லிய தோசைக்குள் உருளைக்கிழங்கு மசாலாவுக்குப் பதில் இதை வைத்தால் ஒன்றரை தோசைக்கு மேல் இறங்காது. மீன் வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. நம் ஊர் புழுக்கத்தில் இட்லி மாவு விடிவதற்குள் புளித்துப் பொங்கி வழிகிறது. புளிக்க வைக்கவே தேவையில்லாதது தெலுங்குக்காரர்கள் வீட்டுப் பெசரட்டு. முழுப் பாசிப்பயறை ராத்திரி ஊறவைத்து, காலையில் இஞ்சி, மிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து உடனே ஊற்ற வேண்டியதுதான். மொறுமொறுப்புக்கு ஒரு கைப்பிடி அரிசி சேர்த்து ஊறவைக்கலாம். 100 கிராம் பயறில் 20 கிராமுக்கு மேல் புரதம், அரிசியில் 7 கிராம் போல. இரண்டு பெசரட்டு சாப்பிட்டவர் 10 மணிக்குச் சமையலறைப் பக்கம் வரமாட்டார்.

5. வீட்டுக்கு வீடு தென்னை நிற்பதால் சட்னிக்குத் தேங்காய் போடுவதில் நம் கைக்கு அளவே தெரிவதில்லை. 100 கிராம் தேங்காயில் 350 கலோரி இருக்கிறது, அது ஏழெட்டு இட்லிக்குச் சமம். கால் பங்கு தேங்காய், முக்கால் பங்கு வதக்கிய பீர்க்கங்காய்த் தோல், சுரைக்காய் அல்லது புதினா என்று அரைத்துப் பாருங்கள். ருசி குறையாது, வெயில் காலத்தில் சீக்கிரம் ஊசவும் ஊசாது.

6. வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் குறைப்பெல்லாம் வேண்டாம். அவர்களுக்குத் தேங்காய்ச் சட்னியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் காயைக் கலந்து பெரியவர்களுக்கு அரைத்துக்கொள்ளலாம்.

7. நம் தீவிலேயே செம்பனைத் தோட்டம் உண்டு, கடையில் கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் உண்டு. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான், ஒரு மேசைக்கரண்டிக்கு 120. தோசைக்கல்லில் கிண்ணத்திலிருந்து ஊற்றாமல், பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுத் தேய்த்துச் சுடுங்கள். எண்ணெய் டின் கூடுதல் நாள் வரும்.

8. பெங்காலி வீட்டுத் தோழி இருந்தால் குக்னி செய்யக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். காய்ந்த வெள்ளைப் பட்டாணியை ஊறவைத்து, வெங்காயம், இஞ்சி, தக்காளி, சீரகத்தூள் போட்டுக் குழைய வேகவைப்பதுதான். வெறும் பொரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஒரு பெரிய கிண்ணம் குக்னியின் மேல் ஒரு கைப்பிடி பொரி தூவிச் சாப்பிட்டால் அது முழுச் சாப்பாடு. பூரிக்குத் தொட்டுக்கொள்ள வைத்தால் கணக்கு மாறிவிடும், பூரியைத் தவிருங்கள்.

9. பழைய சோறு நல்லது என்பதற்காகச் சட்டி நிறையச் சாப்பிட வேண்டாம். ஒரு கரண்டி சோறு, இரண்டு டம்ளர் மோர், நிறையச் சின்ன வெங்காயம், பக்கத்தில் சுண்டலோ அவித்த முட்டையோ. கருவாடு வேண்டுமென்றால் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை அலசுங்கள், ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

10. முட்டை விலை கப்பலைப் பார்த்து ஏறி இறங்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் என்பதால் காசு வீணில்லை; இரண்டு முட்டையை ஒரு கிண்ணம் முருங்கைக்கீரையோடு பொடிமாஸ் செய்தால் மூன்று பேருக்கு வரும். வாங்கி வந்த முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: படுத்தால் புதுசு, நின்றால் அன்றே சமைக்க வேண்டியது, மிதந்தால் வெளியே போட வேண்டியது.

11. மே மாதம் மழை பிடித்தால் கடல் கொந்தளித்துக் கப்பல் தள்ளிப்போகும், காய்கறி விலை எகிறும். பிப்ரவரி, மார்ச் வெயிலிலேயே பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு எல்லாவற்றையும் நன்றாகக் காயவைத்து, காய்ந்த மிளகாய் இரண்டு போட்டு இறுக்கமான டப்பாவில் அடையுங்கள். பூசணம் வாடை அடிக்கும் பயறைக் கழுவிச் சமைக்க நினைக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

12. காய் வராத நாளில் உப்புமாவுக்குப் பப்பாளிக்காய் கைகொடுக்கும். ரவை ஒரு பங்கு என்றால் துருவிய பப்பாளிக்காயும் பூசணியும் சேர்த்து இரண்டு பங்கு. தட்டு நிறைந்திருக்கும், ரவை பாதிதான் செலவாகியிருக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பப்பாளிக்காயை விட்டுவிட்டுச் சுரைக்காய் போடுங்கள்.

13. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் வயிற்றை நிறைப்பவைதான். ஆனால் இட்லிக்குப் பதிலாகச் சாப்பிட வேண்டும், இட்லியோடு சேர்த்து அல்ல. வேகவைத்த மரவள்ளி இரண்டு துண்டு, காரமான மீன் குழம்பு, இதைவிட நல்ல காலை உணவை நான் எங்கும் பார்த்ததில்லை.

14. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் காலைச் சாப்பாட்டின் அளவைத் தாங்களாக மாற்றக் கூடாது. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

15. ஒரு டீஸ்பூன் சர்க்கரை 20 கலோரி. டீக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு டீ என்றால் 160 கலோரி, அதாவது மூன்று நாலு இட்லி. ஒரேயடியாக நிறுத்தினால் மனசு தேடும். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும்.

16. கொல்லை வாழைப்பழமும் பப்பாளியும் கடித்துத் தின்னவே. ஜூஸாக அடித்தால் இரண்டே மடக்கில் இறங்கிவிடும், பசி அப்படியே நிற்கும்.

17. எடை மெஷின் வீட்டில் இல்லையென்று கவலை வேண்டாம், தையல் டேப் போதும். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். வாரத்துக்கு ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள்.

18. போர்ட் பிளேர் கப்பலுக்குக் கிளம்பும் நாளில்தான் எல்லாரும் கட்டுப்பாட்டைக் கைவிடுகிறோம், பல மணி நேரப் பயணத்தில் சிப்ஸ் பாக்கெட்டாகப் பிரிகிறது. முந்தின ராத்திரியே பயறு ஊறப்போட்டு, காலையில் நாலு பெசரட்டைச் சுட்டு ஆறவைத்துச் சுருட்டி வாழை இலையில் கட்டுங்கள், தேங்காய்ச் சட்னிக்குப் பதில் எள்ளுப்பொடி வையுங்கள். அவித்த முட்டையை ஓடு உரிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அலையில் குமட்டல் வருபவர்களுக்கு ஒரு டப்பாவில் இஞ்சியும் எலுமிச்சையும் போட்ட அவல் தனியாக இருக்கட்டும், அவர்கள் கப்பல் கிளம்புவதற்கு முன்பே கொஞ்சமாகச் சாப்பிட்டுவிடுவது நல்லது.